பறக்காதவர்களின் ஆட்டம்

உலகக் கோப்பைக் கால்பந்து என்றதும் எனக்கு ஆண்டு நினைவுக்கு வருவதில்லை, கடிகாரம்தான் வருகிறது. 1998 என்றால் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை மணி. 2002 என்றால் சாயங்காலம் நாலரை. 2006 இரவு பதினொன்றரை. 2010 சரியாக நடுநிசி. பிரான்ஸ், ஜப்பான், ஜெர்மனி, தென்னாப்பிரிக்கா என்று எங்கெங்கோ நடந்த இறுதி ஆட்டங்கள் எல்லாம் எனக்குள் சுவர்க்கடிகாரத்து முள் நின்ற இடங்களாகவே பதிந்திருக்கின்றன. எந்த அணி எந்தப் பிரிவில் இருந்தது, காலிறுதியில் யாரை யார் வென்றார்கள் என்பதெல்லாம் என்னிடம் தங்கியதில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்ததா, யாரெல்லாம் விழித்திருந்தார்கள், கட்டன்காப்பி போட எழுந்தது யார் என்பவை மட்டும் அப்படியே இருக்கின்றன.

ஞாயிறு நண்பகல் பன்னிரண்டு என்றால் அது சக்திமான். 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை ஓடிய தொடர். காலைப் பூசை முடிந்து வந்து, அடுக்களையில் மீன்குழம்பு கொதிக்கும் நேரத்தில், தெருவே காலியாகும். உலகக் கோப்பை இறுதி ஆட்டமும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். இப்படி இரண்டும் ஒரே கிழமையைப் பங்கு போட்டுக்கொண்டதாலோ என்னவோ, ஒன்றை நினைத்தால் மற்றொன்றும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. சிவப்பு உடையில் நெஞ்சில் பொன்னிறச் சூரியனோடு ஒருவர் சுழன்றபடி வருகிறார். அவருக்குப் பின்னால் மஞ்சள் சட்டையில் இன்னொருவர் புல்தரையில் ஓடுகிறார்.

நான் நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் ரசிகை. ஊர்த்திருவிழாவுக்கு மட்டும் தலைகாட்டும் சொந்தக்காரர்களைப் போல, கொடியேற்றத்தன்று வந்து, தேரோட்டம் பார்த்துவிட்டுப் போகிறவள். இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவின் கிளப் ஆட்டங்கள் எதையும் நான் பின்தொடர்வதில்லை. அந்த ஒரு மாதம் மட்டும் முழுமனதோடு உட்கார்கிறேன். அப்படி உட்கார்கிறவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறோம். இறுதி ஆட்டத்தின் கூட்டத்தில் பெரும்பகுதி நாங்கள்தான். நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று யாரும் அதிகம் எழுதியதில்லை.

நாகர்கோவிலில் வளர்ந்தேன். அத்தையைக் கட்டிக்கொடுத்தது தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊரில். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரம், கேரள எல்லையை ஒட்டிய மீனவ ஊர்கள் அவை. சுறா பிடிக்க ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிற ஆண்கள். கரையில் கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் மைதானம். ஆனி பிறந்தால் தென்மேற்குக் காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும். படகுகள் கரையேறிவிடும். மற்ற மாதங்களில் பாதி ஆண்கள் இல்லாத ஊர், அந்த நாட்களில் நிறைந்து கிடக்கும். உலகக் கோப்பை ஜூன், ஜூலையில் வருவது எங்கள் கடலைப் பார்த்து யாரோ நாள் குறித்ததுபோல எனக்கு அந்த வயதில் தோன்றும். தென்னையில் பிரேசில் கொடி, மின்கம்பத்தில் அர்ஜென்டினா கொடி. சைக்கிள் கடைச் சுவரில் யாரோ வரைந்த மரடோனா. அவர் 1986-இல் மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிராக நாலு நிமிட இடைவெளியில் கையால் ஒன்றும், பாதி மைதானத்தைத் தனியாகக் கடந்து ஒன்றும் போட்ட கோல்களைத் தூர்தர்ஷனில் பார்த்தவர்களின் பிள்ளைகள்தான் அந்தக் கொடிகளைக் கட்டினார்கள்.

இந்தியா உலகக் கோப்பையில் ஒருமுறைகூட ஆடியதில்லை. 1950-இல் பிரேசிலுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தும் அணி போகவில்லை. 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணிக்குக் கோல் காத்தவர் நம்முடைய பீட்டர் தங்கராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய அணியில் சைமன் சுந்தர்ராஜ் இருந்தார்; அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் இந்தியா கோல் போடவே இல்லை. இவ்வளவு இருந்தும் உலகக் கோப்பையில் நமக்கென்று ஒரு சட்டை கிடையாது. ஆகவே எங்கள் ஊர் தூரத்து நாடுகளைச் சுவீகரித்துக்கொண்டது. அந்த நாட்டுக்காரர்களுக்கு எங்களைத் தெரியாது. எங்களுக்கு அவர்களுடைய மொழி தெரியாது. அதனால் அன்பு ஒரு துளியும் குறையவில்லை.

சக்திமானும் எனக்கு அப்படித்தான் வந்தார். அவர் பேசியது இந்தி. ஒரு வரிகூடப் புரியாது. ஆனாலும் யார் நல்லவர், யார் கெட்டவர், யார் பயப்படுகிறார், யார் பொய் சொல்கிறார் என்பது எல்லாம் புரிந்தது. முகமும் தோளும் நடையும் சொல்லிவிடும். ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாமலே கால்பந்து புரிந்ததும் இதே வழியில்தான். சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவை மகாபாரதத்தில் பீஷ்மராகப் பெரியவர்கள் பார்த்திருந்தார்கள். எனக்கு அவர் கங்காதர், சக்திமானின் சாதாரண மனித வேடம். தடித்த கண்ணாடி, துருத்திய பல், எண்ணெய் வழியும் தலை. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் புகைப்படக்காரர். எல்லாரும் அவரை விரட்டுவார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு தடுமாறுவார். சக்திமான் சண்டை போடும் காட்சிகளைவிட கங்காதர் அவதிப்படும் காட்சிகளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். பறக்கத் தெரிந்தவர் எதற்கு இந்த வேலைக்குப் போக வேண்டும் என்ற கேள்வி அப்போதே என்னைப் பிடித்துக்கொண்டது.

1998 இறுதி ஆட்டத்தை அத்தை வீட்டுத் திண்ணையில், உள்ளேயிருந்து தூக்கிவந்து ஸ்டூலில் வைத்த டிவியில் பார்த்தோம். பாரீசுக்குப் பக்கத்தில் செயின்ட் டெனிஸ் மைதானம். பிரேசிலின் ரொனால்டோவுக்கு அப்போது வயது 21. உலகத்திலேயே ஆகச்சிறந்த ஆட்டக்காரர் என்று அந்த வருஷம் எல்லாரும் சொன்னார்கள். அன்று மதியம் ஓட்டல் அறையில் அவருக்கு வலிப்பு வந்தது. ஆடுவோர் பட்டியல் முதலில் வெளிவந்தபோது அவர் பெயர் இல்லை, எட்முண்டோவின் பெயர் இருந்தது. பிறகு மாற்றி எழுதப்பட்டது. இந்த விவரங்கள் எல்லாம் பின்னால் படித்தவை. அன்றிரவு நான் கண்டது, பச்சைப் புல்லில் தூக்கத்தில் நடப்பவரைப் போல ஒருவர் நடமாடுவதை. ஜிதான் தலையால் இரண்டு கோல் முட்டினார். கடைசி நிமிடத்தில் பெத்தி ஒன்று போட்டார். பிரான்ஸ் 3, பிரேசில் 0.

“மாமா, அவரு ஏன் ஓடல?” என்று கேட்டேன்.

“அந்தப் பயலுக்கு ஒடம்பு சொகமில்ல மக்களே. நடையப் பாத்தாலே தெரியுதுல்லா” என்றார் மாமா. டிவியில் அதுவரை யாரும் அதைச் சொல்லவில்லை. சொன்னாலும் ஆங்கிலத்தில்தான் சொல்லியிருப்பார்கள், எங்களுக்கு எட்டியிருக்காது. மாமா ஒரு காலத்தில் ஊர் அணிக்கு ஃபார்வேர்ட். பங்குத் திருவிழாவையொட்டி நடந்த போட்டி ஒன்றில் வலது முட்டி விலகி, அத்தோடு ஆட்டம் நின்றது. கடலுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. படகின் ஆட்டத்தில் எந்தக் காலில் எவ்வளவு பாரத்தை வைப்பது என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்தவர் அவர். ஆகவே பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்த ஓர் உடம்பின் சோர்வு அவருக்கு உடனே தெரிந்தது.

மறுவாரம் வழக்கம்போல சக்திமான் வந்தார். சுழன்றார், பறந்தார், ஜெயித்தார். அவர் உடம்புக்கு என்ன ஆனாலும் அடுத்த ஞாயிறு சரியாகிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்களும் முற்றத்தில் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி சுற்றுவோம், தலை கிறங்கி விழும்வரை. அந்த நாட்களில் சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் உயரத்திலிருந்து குதித்ததாகச் செய்திகள் வந்தன. முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இவை எல்லாம் காட்சிக்காகச் செய்யப்படுபவை, யாரும் செய்து பார்க்கக் கூடாது என்று குழந்தைகளிடம் சொன்னார். அத்தை மகன் அதை எங்களுக்குத் தமிழில் சொன்னான். எனக்கு அது பெரிய காட்சியாக மனதில் நிற்கிறது. ஆகாயத்தில் பறக்கிறவர் கேமராவுக்கு முன் நின்று, என்னால் பறக்க முடியாது என்று பிள்ளைகளிடம் சொல்கிறார். அந்தத் தொடரின் எல்லாச் சண்டைகளையும்விட அதற்குத்தான் துணிவு தேவைப்பட்டிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அமெரிக்காவின் பழைய ஹல்க் தொடரை நான் பார்த்தது பல வருஷம் கழித்துத்தான். 1970களின் இறுதியில் எடுத்தது. பில் பிக்ஸ்பி மருத்துவர் பேனராக வருவார். கோபம் வந்ததும் பச்சை ராட்சசனாக லூ ஃபெரிக்னோ வருவார். ஃபெரிக்னோ சிறு வயதிலேயே செவித்திறனில் பெரும்பகுதியை இழந்தவர். ஒவ்வொரு வாரமும் பேனர் ஓர் ஊருக்கு வருவார், ஏதோ சின்ன வேலை தேடிக்கொள்வார், யாருக்காவது உதவுவார், கோபம் அவரை மீறும், ஊரைவிட்டுப் போவார். கடைசியில் தோளில் ஒரு பையோடு நெடுஞ்சாலை ஓரம் நடந்து போவார். பின்னணியில் தனி பியானோ. சக்தி அவருக்கு நோய். அதிலிருந்து குணமடையத்தான் அவர் ஊர் ஊராக அலைகிறார். கங்காதருக்கும் பேனருக்கும் நடுவே உள்ள உறவு எனக்கு அப்போது விளங்கியது. இருவருக்கும் தேவைப்பட்டது சாதாரணமாக இருக்க ஓர் இடம். சக்தி வந்ததும் அந்த இடம்தான் முதலில் பறிபோகிறது.

ரொனால்டோவுக்கு வருகிறேன். 1999 நவம்பரில் அவருடைய வலது முட்டி பிசகியது. சிகிச்சை முடிந்து 2000 ஏப்ரலில், ரோம் நகரில் இன்டர் மிலான் அணிக்காக மாற்று ஆட்டக்காரராக இறங்கிய சில நிமிடங்களிலேயே, யாரும் தொடாமலே, அதே முட்டியின் தசைநார் அறுந்தது. அவர் அலறியபடி காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த காட்சியைப் பிறகு பலமுறை காட்டினார்கள். இனி ஆட மாட்டார் என்று எழுதினார்கள்.

2002 ஜூன் 30, யோகோஹாமா. எங்களுக்குச் சாயங்காலம் நாலரை மணி. மழை விட்டிருந்தது. திண்ணை நிறைந்து முற்றத்திலும் ஆட்கள். எதிரே ஜெர்மனியின் கோல்கீப்பர் ஆலிவர் கான். அந்தப் போட்டியில் அதுவரை ஒரே ஒரு கோல்தான் விட்டிருந்தார். ரொனால்டோ தலையின் முன்பக்கம் மட்டும் கொஞ்சம் முடி விட்டு மழித்திருந்தார். பந்து அவரிடம் போகும்போதெல்லாம் மாமா என் தோளைத் தட்டினார்.

“பந்தப் பாக்காத மக்களே. முட்டப் பாரு. நிக்கும்போ எந்தக் கால ஊணுதான்னு பாரு.”

பார்த்தேன். வலது காலைத்தான் ஊன்றினார். அதே காலில் திரும்பினார். 67-ஆவது நிமிடம் ரிவால்டோ அடித்த பந்து கானின் கையிலிருந்து நழுவியது. அது நழுவும் என்று நம்பி ஓடிவந்துகொண்டிருந்தது ரொனால்டோ ஒருவர்தான். கோல். பன்னிரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. அந்தப் போட்டியில் அவருக்கு அது எட்டாவது. முற்றம் முழுக்கக் கத்தியது. மாமா கத்தவில்லை, தன் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முகம் முழுக்கச் சிரிப்பு. தூர தேசத்து ஒருவர் மாமாவின் காலையும் சேர்த்துக் குணப்படுத்திவிட்டதாக நான் அன்று நம்பினேன். அந்த நம்பிக்கை முழுவதும் பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆட்டம் முடிந்த பிறகு ஆலிவர் கான் கோல்கம்பத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் போட்டியின் ஆகச்சிறந்த ஆட்டக்காரருக்கான பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. போட்டி முழுக்க அணியைத் தாங்கியவரின் கையிலிருந்து இறுதி ஆட்டத்தில் ஒரு பந்து நழுவியது. தொலைக்காட்சித் தொடர் என்றால் அடுத்த வாரம் அவருக்கு ஒரு வாய்ப்புத் தருவார்கள். கால்பந்தில் அடுத்த வாரம் கிடையாது. நாலு வருஷம் காத்திருக்க வேண்டும். 2006-இல் அவர் மாற்றுக் கோல்கீப்பராகப் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில் எனக்கு ஸ்மால்வில் நினைவுக்கு வருகிறது. சூப்பர்மேனின் பள்ளிப் பருவத்தைச் சொல்லும் தொடர், 2001-இல் தொடங்கியது. அதன் முதல் பாகத்திலேயே கிளார்க் பள்ளிக் கால்பந்து அணியில் சேர அப்பாவிடம் அனுமதிக் கையெழுத்து கேட்பான். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் ஆட்டம். அப்பா மறுத்துவிடுவார். மகனுக்கு ஆசை இருக்கிறது, நண்பர்கள் எல்லாரும் ஆடுகிறார்கள், ஊரே அந்த ஆட்டத்தைக் கொண்டாடுகிறது. ஆனாலும் மகனின் உடம்பு யாரை மோதினாலும் அவர் தாங்க மாட்டார் என்று அந்த விவசாயிக்குத் தெரியும். நாலாவது பருவத்தில்தான் கிளார்க் அணியில் சேர்கிறான், தன் சக்தியைக் கட்டிவைத்துக்கொண்டு.

அந்த அப்பாவை நான் மிகவும் மதிக்கிறேன். விளையாட்டு என்றால் என்ன என்பதை அவர் ஒரு மறுப்பிலேயே சொல்லிவிட்டார். தோற்க முடியாதவர் ஆடினால் அது ஆட்டம் ஆகாது. எதிரே நிற்பவருக்கு இருக்கும் அதே மூச்சு, அதே முட்டி, அதே தொண்ணூறு நிமிடம் நமக்கும் இருக்க வேண்டும். கையைப் பயன்படுத்தக் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே ஒரு தடையைப் போட்டுக்கொண்டு, அந்தத் தடைக்குள் அழகைத் தேடுவதுதான் கால்பந்து. பறக்க முடியாதவர்கள் தங்களுக்காகக் கண்டுபிடித்த ஆட்டம் அது.

2006 இறுதி ஆட்டத்தை எல்லாரும் ஜிதானின் அந்த ஒரு நொடிக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். பெர்லின், கூடுதல் நேரம், 110-ஆவது நிமிடம். இத்தாலியின் மாத்தராஸி ஏதோ சொல்ல, திரும்பி வந்து அவர் நெஞ்சில் தலையால் மோதினார். சிவப்பு அட்டை. அது அவருடைய கடைசி ஆட்டம் என்று முன்பே அறிவித்திருந்தார். வெளியேறும் வழியில் கோப்பை ஒரு மேடையில் வைக்கப்பட்டிருந்தது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைக் குனிந்தபடி தாண்டிப் போனார். எட்டு வருஷத்துக்கு முன் இரண்டு கோல் முட்டிக் கோப்பையை வாங்கிக் கொடுத்த அதே தலை. எங்கள் திண்ணையில் சிலர் திட்டினார்கள், சிலர் பரிந்து பேசினார்கள். எனக்கு ஹல்க்தான் மனதில் வந்தார். கோபம் ஒரு நொடி மீறியது. அதற்குப் பிறகு ஊரைவிட்டு நடந்து போகும் ஒரு மனிதர்.

எங்கள் கடற்கரையிலும் ஒருவர் வந்தார். இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், இந்தியக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். போட்டிகளில் இடது ஓரத்தில் ஓடி எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். 2020-இல் கோப்பை வென்ற ஏ.டி.கே. அணியில் அவர் இருந்தார். அதே ஆண்டு நவம்பரில் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேறினார்; அந்தப் பருவம் முழுக்க அவரால் ஆட முடியவில்லை. அவரைச் சுவீகரிக்க வேண்டியதில்லை, எங்கள் மணலில் ஓடிய கால் அது. அவர் கீழே விழுந்தபோது கடற்கரை ஊர்களின் அத்தனை வீடுகளிலும் மாமாவைப் போன்றவர்கள் யாராவது தங்கள் காலைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

2018-ஐப் பற்றி எழுதாமல் போக முடியாது. அதற்கு முந்தைய நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தது. எச்சரிக்கை வந்தபோது ஆழ்கடலுக்குப் போனவர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். தூத்தூர், சின்னத்துறை, நீரோடி, வள்ளவிளை, பூத்துறை என்று ஒவ்வோர் ஊரிலும் திரும்பாதவர்கள். தேடிப்போங்கள் என்று மக்கள் சாலையில் உட்கார்ந்து கேட்டார்கள். மீனவர்கள் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தாங்களே தேடிப் போனார்கள். ஆகாயத்திலிருந்து யாரும் வரவில்லை. வந்தவர்கள் பக்கத்துப் படகுக்காரர்கள். மாமா அப்போது கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். தேடிப் போனவர்களுக்கு ஐஸும் அரிசியும் ஏற்றிவிட்டுக் கரையில் நின்றார்.

ஏழு மாதம் கழித்து உலகக் கோப்பை வந்தது. கொடி கட்டுவதா வேண்டாமா என்று ஊரில் பேச்சு நடந்தது. கட்டினார்கள், குறைவாக. இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் 4, குரோஷியா 2. குரோஷியா அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களையும் கூடுதல் நேரம்வரை ஆடிவிட்டு வந்திருந்தது. கால் தள்ளாடியும் ஓடிக்கொண்டிருந்த மோட்ரிச்சைப் பார்த்து, புயலில் மகனை இழந்த பெரியம்மா ஒருவர், “அவனுக்கு யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்கடே” என்றார். அந்த அம்மாவுக்குக் கால்பந்து தெரியாது. குரோஷியா எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. ஓடிக் களைத்த ஒரு பிள்ளையைத் தெரியும். கால்பந்து பற்றி நான் கேட்ட வாக்கியங்களில் இதற்கு மேல் ஒன்றை இதுவரை கேட்கவில்லை.

பெருந்தொற்றின்போது, 2021 தொடக்கத்தில், வாண்டாவிஷன் என்ற சூப்பர் ஹீரோ தொடர் வந்தது. ஒன்பது பாகம். தன் துணைவன் விஷன் இறந்த துயரம் தாளாமல் வாண்டா ஒரு சின்ன ஊரையே தன் சக்தியால் மாற்றி, அதில் அவனையும் ஒரு வீட்டையும் இரண்டு பிள்ளைகளையும் உண்டாக்கிக்கொள்கிறாள். பழைய தொலைக்காட்சிக் குடும்பத் தொடர்களின் வடிவில் அந்த வாழ்க்கை நடக்கிறது. கடைசியில் அதை அவளே கலைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த ஊர் மக்கள் அவளுடைய கனவுக்குள் சிறைப்பட்டிருக்கிறார்கள். ஓர் ஊரையே படைக்க முடிந்தவளால் ஒருவனைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. நான் அதைப் பார்த்தபோது எங்கள் கடற்கரைப் பெண்களை நினைத்தேன். அவர்களிடம் அப்படி ஒரு சக்தி இருந்திருந்தால் ஊர் முழுக்க அப்படிப்பட்ட வீடுகள் எழும்பியிருக்கும். சூப்பர் ஹீரோ கதை தன்னால் ஆகாததை ஒப்புக்கொள்ளும்போதுதான் வளர்ந்தவர்களின் கதையாகிறது. சக்திமான் கேமரா முன் நின்று பிள்ளைகளிடம் பேசிய அன்றே எனக்கு அது தொடங்கிவிட்டது.

2014 இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா தோற்ற பிறகு, பரிசு வாங்கப் போன மெஸ்ஸி கோப்பையைப் பார்த்த பார்வையை ஒரு சீனப் புகைப்படக்காரர் எடுத்தார். அந்தப் படம் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியின் விளையாட்டுப் பிரிவில் முதல் பரிசு பெற்றது. தொட்டுவிடும் தூரத்தில் கோப்பை; கையை நீட்ட உரிமை இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கங்காதர் எதற்கு அந்த வேலைக்குப் போனார் என்ற பழைய கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. கங்காதர் புகைப்படக்காரர். ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரும் புகைப்படக்காரர். கிளார்க் கென்ட் வளர்ந்து நிருபர் ஆகிறான். சூப்பர் ஹீரோக்களில் பெயர்பெற்றவர்கள் பகலில் பார்க்கும் வேலை, மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்று கூர்ந்து பார்ப்பது. அந்தப் பார்வை இல்லாவிட்டால் யாருக்கு உதவி தேவை என்று அவர்களுக்கே தெரியாது. மாமா திண்ணையில் உட்கார்ந்து எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அதைத்தான்.

2022-இல் உலகக் கோப்பை நவம்பர், டிசம்பருக்குப் போனது. கத்தாரின் வெயிலுக்காக. எங்கள் ஊரில் அது கடல் அமைதியான காலம். ஆண்களில் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். டிவி முன்னால் பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும். முதல் ஆட்டத்திலேயே சவூதி அரேபியாவிடம் தோற்ற அர்ஜென்டினா டிசம்பர் 18 அன்று லுசைலில் இறுதி ஆட்டம் ஆடியது. 2-0 என்று முன்னணியில் இருந்தபோது, பிரான்சின் எம்பாப்பே இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டார். கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே இன்னொன்று. 3-3. கடைசி மூச்சில் கோலோ முவானி அடித்த பந்தை எமிலியானோ மார்ட்டினஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். பிறகு பெனால்டிகளில் 4-2. முப்பத்தைந்து வயதில் மெஸ்ஸி அந்தக் கோப்பையைத் தொட்டார்.

அத்தை வீட்டில் எல்லாரும் ஆடினார்கள். அத்தை மகனின் மகள், சூப்பர் ஹீரோ தொடர்களை மனப்பாடமாகச் சொல்கிறவள், மட்டும் ஆடவில்லை. “மூணு கோல் போட்டவரு எப்படி அத்தே தோப்பாரு?” என்று கேட்டாள். உலகக் கோப்பை இறுதியில் மூன்று கோல் போட்டவர்கள் ஆடவர் ஆட்டத்தில் அதுவரை இரண்டே பேர். 1966-இல் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் வென்றார். எம்பாப்பே தோற்றார். அவள் பார்க்கும் தொடர்களில் இப்படி நடப்பதில்லை. செய்ய முடிந்த அனைத்தையும் ஒருவர் செய்து முடித்த பிறகும் அது போதாமல் போகலாம், அதற்காக அவர் செய்தது சிறியதாகிவிடாது என்று அவளுக்குச் சொன்னேன். அவள் திரும்பத் திரும்ப எம்பாப்பே உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா இருந்திருந்தால் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்திருப்பார்.

வருஷம் முழுக்க ஆட்டத்தைத் தொடர்கிறவர்கள் எனக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு நன்றி உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இறுதி ஆட்டத்துக்கு மட்டும் வந்து, ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்கிற அத்தையையும் சித்தியையும் குழந்தையையும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து உள்ளே விடுங்கள். அவர்கள் கோல் கணக்குப் பார்க்க வரவில்லை. யாருக்குக் கால் வலிக்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருக்கு யார் கைகொடுத்துத் தூக்குகிறார்கள் என்று பார்க்க வருகிறார்கள். மனிதர்களைக் காப்பாற்றும் வேலை எப்போதும் அந்தப் பார்வையில்தான் தொடங்குகிறது. அதற்குப் பறக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.